கண்டுபிடிப்பும் கைதட்டலும்

நாள்தோறும் புதுமை பிறக்கும் காலம் இது. உயிரியலில் ஒரு புதிய உண்மை, மருத்துவத்தில் ஒரு புதிய முறை, பொறியியலில் ஒரு புதிய கருவி என ஏதேனும் ஒரு செய்தி ஒவ்வொரு காலையிலும் உலகை எட்டுகின்றது. தமிழர் இச்செய்திகளைக் கேளாமல் இல்லை. நாளேடுகளின் ஞாயிறு மலர்களில் அவை இடம் பெறுகின்றன. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் மாணவர் அவற்றை முழங்குகின்றனர். இலக்கிய விழாக்களின் தலைமையுரைகளில் அவை எடுத்துக்காட்டுகளாக மின்னுகின்றன. கேட்டோர் வியக்கின்றனர், கை தட்டுகின்றனர், கலைந்து செல்கின்றனர். அத்துடன் அறிவியலும் முடிந்துவிடுகின்றது.

குறை செய்தியில் இல்லை. செய்தியை ஏற்கும் முறையில் இருக்கின்றது. கண்டுபிடிப்பு என்பது வானிலிருந்து விழுந்த கனி அன்று. அது ஒரு வினாவுக்குக் கிடைத்த விடை. அந்த விடை சரியா, தவறா என்று சோதித்துப் பார்த்த பின்னரே அதற்குக் கண்டுபிடிப்பு என்னும் பெயர் உரியதாகின்றது. வினாவை மறைத்து, சோதனையைத் துறந்து, விடையை மட்டும் தூக்கி மேடையில் ஏற்றினால் எஞ்சுவது அறிவியல் அன்று. பழைய மாயக்கதையின் புதிய பதிப்பே ஆகும்.

இக்குறை தமிழ் மேடைகளில் மூன்று வடிவங்களில் காணப்படுகின்றது. வெறும் வியப்பைப் பேசுவது ஒன்று. 'இது நம் முன்னோர் அன்றே அறிந்தது' என்று உரிமை கொண்டாடுவது மற்றொன்று. கண்டறிந்தவரின் பெயரையும் ஊரையும் போற்றி, அவர் கண்டது இன்னதென்று கேளாமலே விடுவது மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறு முகங்கள் கொண்டவை எனினும், சோதனையைப் புறக்கணிப்பதில் ஒன்றுபட்டவை. இவற்றால் விளையும் கேடு சிறிதன்று.

வியப்பின் விலை

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய கொரோனா கிருமியின் மரபுக் குறிப்பு வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே அதற்கான தடுப்பூசிக்குப் பிரிட்டன் ஒப்புதல் வழங்கியது. 'பத்தாண்டில் ஆகக்கூடிய பணி பத்துப் பன்னிரண்டு திங்களில் முடிந்தது. என்னே மனித அறிவின் விந்தை!' என்று மேடைகள் முழங்கின. கேட்டவர் வியந்தனர். ஆனால், அதே கேட்டவருள் பலர் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் நாள் வந்தபோது தயங்கினர். 'இவ்வளவு விரைவில் செய்ததை எப்படி நம்புவது?' என்று வினவினர். விந்தை பேசியவரிடம் அதற்கு விடை இல்லை. வியப்பூட்டிய அந்த விரைவே ஐயத்துக்கும் வித்தாயிற்று.

உண்மையில் நிகழ்ந்தது யாது? உடலின் உயிரணுக்களுக்குப் புரதம் செய்யும் கட்டளையை எடுத்துச் செல்லும் பொருள் தூது ஆர்.என்.ஏ. எனப்படும். அதனைச் செயற்கையாகச் செய்து உடலுக்குள் செலுத்தினால், மருந்தாகப் பயன்படும் புரதத்தை உடலே செய்துகொள்ளாதா என்பது பழைய வினா. தடை ஒன்று இருந்தது. செயற்கை ஆர்.என்.ஏ.வை உடல் பகையென்று கருதி அழற்சியை உண்டாக்கியது. அங்கேரி நாட்டிலிருந்து அமெரிக்கா சென்ற காட்டலின் கரிக்கோ என்னும் பெண்மணி இந்த வினாவை விடாது பற்றி நின்றார். ஆய்வுக்குப் பொருளுதவி கிடைக்கவில்லை. 1995இல் அவருடைய பதவியும் தாழ்த்தப்பட்டது. ஆயினும் அவரும் துரூ வெய்ஸ்மன் என்பாரும் சேர்ந்து, ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுள் ஒன்றைச் சிறிது மாற்றினால் உடல் அதனைப் பகைக்காது என்று 2005இல் வெளியிட்டனர். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பன்னிரண்டு திங்களில் முடிந்ததாகச் சொல்லப்பட்ட பணிக்குப் பின்னால் முப்பது ஆண்டுகள் நின்றன.

சோதனையோ இன்னும் தெளிவானது. 2020இல் அத்தகைய தடுப்பூசி ஒன்று ஏறத்தாழ 43,000 பேரிடம் ஆராயப்பட்டது. பாதிப்பேருக்குத் தடுப்பூசி, பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர். எவருக்கு எது போடப்பட்டது என்பதைப் பெற்றவரும் அறியார், விளைவை ஆராய்ந்தவரும் அறியார். பின்னர்க் கணக்கெடுத்தபோது உப்புநீர் பெற்றவருள் 162 பேருக்கும், தடுப்பூசி பெற்றவருள் 8 பேருக்கும் நோய் கண்டிருந்தது. 162க்கும் 8க்கும் உள்ள வேறுபாட்டை ஆறாம் வகுப்பு மாணவனும் அறிவான். ஆனால், அந்த இரண்டு எண்களைத் தமிழ் மேடையில் சொன்னவர் எத்தனை பேர்? சொல்லியிருந்தால், அஞ்சிய முதியவர் ஒருவருக்கு அவருடைய பேரனே விளக்கம் தந்திருப்பான். வியப்பு ஊட்டியவர்கள் விளக்கத்தை ஊட்டாததன் விலையை நோயாளிகள் கொடுத்தனர்.

முன்னோர் பெயரால் ஒரு திரை

இரண்டாம் வடிவம் இதனினும் இனிமையானது. ஆதலால் இதனினும் தீமையானது. எந்தப் புதிய செய்தி வரினும், 'இதில் புதுமை என்ன? நம் முன்னோர் அன்றே கண்டதுதானே!' என்று கூறி அமர்ந்துவிடுவது அது. முன்னோரைப் போற்றுதல் நற்பண்பே. ஆனால், வழக்கமும் அறிவும் ஒன்றல்ல என்பதை உணர்த்த, மலாயா மண்ணில் தமிழரையே நடுவில் வைத்து நிகழ்ந்த ஒரு வரலாறு உண்டு. அதனைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களை 'பெரிபெரி' என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் ஓய்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெருந்தொகையாக மாண்டனர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோய்க்கும் அரிசிக்கும் தொடர்புண்டு என்று 1907இல் அவர் ஒரு நூலே எழுதினார்.

தொடர்புண்டு என்று கருதுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. 1905இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளர்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணுக்குரியவர் ஒரு பிரிவு. இரட்டைப்படை எண்ணுக்குரியவர் மறுபிரிவு. ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி; மறுபிரிவுக்குப் புழுங்கலரிசி. ஏனைய உணவில் வேறுபாடு இல்லை. 'நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்குமோ' என்ற ஐயமும் எழக்கூடாது என்று ஆண்டின் இடையில் இரு பிரிவினரின் தங்குமிடங்களையும் மாற்றினார். ஆண்டின் இறுதியில், வெள்ளை அரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்ட பிரிவில் அந்நோயால் இறந்தவர் ஒருவரும் இலர்.

அதன்பின், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடம் ஆராய்ந்து, 1909இல் அதே முடிவை உறுதி செய்தனர். அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று பிராடன் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் தவறென்றும், தீட்டும்போது தவிட்டுடன் ஏதோ ஒரு நற்பொருள் போய்விடுகிறது என்றும் இவ்விருவரின் தொடர்ந்த ஆராய்ச்சி காட்டியது. 1926இல் சாவகத் தீவில் ஆய்ந்த இருவர் அந்தப் பொருளையே பிரித்தெடுத்தனர். அதுவே இன்று தையமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் பெயர் பெற்றது. உமியோடு நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பிறகு தீட்டினாலும் முற்றிலும் போவதில்லை. தமிழரைக் காத்தது அதுவே.

இவ்வரலாற்றைக் கேட்டதும், 'பார்த்தீரா! நம் முன்னோர் அன்றே வைட்டமின் அறிந்திருந்தனர்!' என்று குதிப்பவர் உண்டு. அவர் அறிந்திருந்தனரா? நெல்லைப் புழுக்கினால் அரிசி குத்தும்போது நொறுங்காது, நெடுநாள் இருக்கும், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். இவையே அவர் அறிந்தவை. அதனால் பெரிபெரி தடுக்கப்படும் என்று அவர் அறிந்திருந்தால், பக்கத்துச் சுரங்கத்தில் செத்து விழுந்த சீனத் தொழிலாளிக்கு அதனைச் சொல்லியிருக்க மாட்டாரா? வழக்கம் தன்னை உடையவனை மட்டும் காத்தது. அதுவும் அவன் அறியாமலே காத்தது. அறிவோ, பிறந்தபின் எல்லாரையும் காத்தது. இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இன்னும் ஒன்று. பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழர் ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாவால் கொத்துக்கொத்தாக மாண்டனர். எந்த வழக்கமும் அவரைக் காக்கவில்லை. 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ரோஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டதும், 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழித்ததுமே அவர் பிள்ளைகள் பிழைக்க வழி செய்தன. முன்னோர் வழக்கங்களுள் தற்செயலாகப் பயன் தந்ததை மட்டும் எண்ணிப் பெருமை கொள்வதும், பயன் தராதவற்றை மறப்பதும் கணக்கு ஆகாது.

இந்த வரலாற்றில் தலைகுனிய வேண்டிய பக்கமும் உண்டு. மனநோயாளரின் இசைவை எவரும் கேட்கவில்லை. அயல்நாட்டுக் கூலிகளின் இசைவும் கேட்கப்படவில்லை. அந்த 18 உயிர்கள் அறிவுக்குக் கொடுத்த விலை. ஆனால், அதனைக் கொடுக்க அவர்கள் உடன்படவில்லை. இன்று மனிதரிடம் ஆராய்ச்சி செய்வதற்கு இசைவும் மேற்பார்வையும் கட்டாயமாக்கப்பட்டிருப்பதன் அருமை, இப்பக்கத்தையும் படிப்பவனுக்கே விளங்கும். புகழ்ச்சி மட்டும் பேசும் மேடை இதனையும் மறைத்துவிடும்.

பெயரைப் போற்றிப் பொருளை விடுதல்

2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்தவர். அச்செய்தி வந்த நாள் முதல் உலகத் தமிழர் மேடைகளில் அவர் பெயர் ஒலித்து வருகின்றது. 'தமிழன் வென்றான்' என்று பாராட்டாத மலர் இல்லை. ஆனால், எதற்காக அவருக்குப் பரிசு என்று அம்மேடையில் அமர்ந்திருப்போரைக் கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவர்?

உயிரணு ஒவ்வொன்றிலும் புரதம் நெய்யும் தறி போன்ற அமைப்பு ஒன்றுண்டு. அதற்கு ரைபோசோம் என்று பெயர். தூது ஆர்.என்.ஏ. கொண்டுவரும் கட்டளையைப் படித்து, ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துப் புரதமாக்குவது அதுவே. அதன் ஒரு பகுதியின் வடிவத்தை அணு அணுவாக 2000ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது இராமகிருஷ்ணனின் ஆய்வுக் குழு. இன்று மருந்தகத்தில் கிடைக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பல, நோய் தரும் நுண்ணுயிரின் ரைபோசோமை முடக்கியே வேலை செய்கின்றன. எங்கே, எவ்வாறு முடக்குகின்றன என்பதை அவ்வடிவம் காட்டிற்று. இவர் பௌதிகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பின்னர், உயிரியலைத் தொடக்கத்திலிருந்து மாணவராக அமர்ந்து கற்றவர். தமிழ் மாணவனுக்கு ஊக்கம் தருவது இவற்றுள் எது? சிதம்பரத்தில் பிறந்தது அவன் கையில் இல்லாத செய்தி. பட்டம் பெற்ற பின்னும் மீண்டும் மாணவராக அமர்ந்தது அவன் பின்பற்றத்தக்க செய்தி. மேடைகள் முன்னதைப் பாடிப் பின்னதை மறந்தன.

பெயர் போற்றுவோர் அறியாமல் விட்டவரும் உளர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். புரதச் சங்கிலியின் கண்ணிகள் எந்தக் கோணங்களில் மடியலாம், எந்தக் கோணங்களில் மடிய இயலாது என்று காட்டுவது அது. 2020இல் கணிப்பொறியே புரதத்தின் வடிவத்தை ஊகித்துக் கூறும் ஆல்பாபோல்டு என்னும் முறை உலகை வியக்க வைத்தது. 2024இல் அதற்கும் நோபல் பரிசு கிடைத்தது. 'இயந்திரம் சிந்திக்கிறது' என்று மேடைகள் முழங்கின. அந்த இயந்திரம் கற்ற பாடநூலோ, 1971 முதல் உலக ஆய்வாளர் அரும்பாடுபட்டுச் சேர்த்து வைத்த புரத வடிவங்களின் தொகுப்பே. ஒரு வடிவம் நம்பத்தக்கதா என்று சரிபார்க்க, இன்றும் அந்தச் சென்னை வரைபடத்தையே ஆய்வாளர் விரிக்கின்றனர். இதுவன்றோ உண்மையான பெருமை? இதனைச் சொல்வதற்கு முதலில் புரதம் என்றால் என்ன என்று அறிய வேண்டும். ஆகவேதான் எவரும் சொல்வதில்லை.

'அறிவியல் சொல்கிறது' என்னும் மயக்கம்

மேற்கூறிய மூன்று குறைகளையும் வெறுப்போர் சிலர், நான்காவது ஒரு குழியில் விழுகின்றனர். 'அறிவியல் சொல்லிவிட்டது, இனிப் பேச்சில்லை' என்பது அவர் கொள்கை. இதுவும் சோதனையை மறந்த பேச்சே. பதவியில் இருப்பவர் சொல்வதெல்லாம் அறிவியல் ஆகிவிடாது.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்திலும், பின்னர் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணையாளரிடையே மூளை அழற்சி நோய் பரவியது. அது கொசுவால் பரவும் சப்பானிய மூளை அழற்சி என்று முடிவு செய்யப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. நோய் நிற்கவில்லை. உண்மைகள் சில முடிவுக்கு மாறாக நின்றன. அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கு வீழ்ந்தவரோ பன்றிகளோடு பழகிய பெரியவர். தடுப்பூசி பெற்றவரும் மாண்டனர். பன்றிகளே நோயுற்று இறந்தன. கொசு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால், அண்டையில் வாழ்ந்த மலாய்க்காரரை நோய் தீண்டவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டு நீரிலிருந்து அதுவரை உலகம் அறியாத ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அது வந்த ஊராகிய சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. கொசுவை விட்டுப் பன்றியைத் தடுத்தபோது நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடங்களில் உழைத்த 11 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் மாண்டார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பழந்தின்னி வௌவாலே அக்கிருமியின் இயற்கை உறைவிடம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

தவறியதும் அறிவியலின் பெயரால் வந்த முடிவே, திருத்தியதும் அறிவியலே. திருத்தும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? 'பொருந்தாத உண்மை ஒன்று இருக்கிறதே' என்று கேட்கும் துணிவிலிருந்து வந்தது. மாணவனுக்குக் கொடுக்க வேண்டிய செல்வம் அந்தத் துணிவே. கேள்வி கேட்ட மாணவனை 'அதிகப்பிரசங்கி' என்று அமர்த்தும் வகுப்பறையில் அச்செல்வம் விளையாது.

வாசலுக்கு வந்த ஆராய்ச்சி

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்திகள், வீட்டுக்கு ஆகாதவை என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால், இன்று ஆராய்ச்சி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. சிங்கப்பூரின் அடுக்குமாடிப் பேட்டைகளில் 2016 முதல் கொசுக்கள் வேண்டுமென்றே பறக்கவிடப்படுகின்றன. டிங்கிக் காய்ச்சலை ஒழிக்கக் கொசுவையே விடுவதா என்று மக்கள் திகைப்பது இயல்பே.

வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் பல பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே வாழ்வது. 1924இல் கொசுவின் உடலில் முதன்முதலாகக் காணப்பட்டது. டிங்கி பரப்பும் ஏடிஸ் இஜிப்தி கொசுவில் அது இயற்கையாக இல்லை. அதனை உடைய ஆண் கொசு, அதனை உடையாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆண் கொசு கடிப்பதுமில்லை. ஆகவே சிங்கப்பூரில் ஆண் கொசுக்களை மட்டும் பெருந்தொகையாக வளர்த்து விடுகின்றனர். இங்கேதான் உயிரியலுக்குப் பொறியியல் துணை நிற்கின்றது. கூட்டுப்புழுப் பருவத்தில் பெண் பெரிது, ஆண் சிறிது. அந்த அளவு வேறுபாட்டைக் கொண்டு இலட்சக்கணக்கில் பிரிக்கப் பொறிகள் வேண்டும்.

மலேசியாவிலோ வேறொரு வழி மேற்கொள்ளப்பட்டது. அந்நுண்ணுயிரை உடைய ஆண், பெண் ஆகிய இரு கொசுக்களையும் விட்டனர். பெண் வழியாக நுண்ணுயிர் அடுத்த தலைமுறைக்குப் போகும். அதனை உடைய கொசுவில் டிங்கிக் கிருமி எளிதில் பெருகாது. கோலாலம்பூர், சிலாங்கூர் பகுதிகளில் நடந்த இம்முயற்சியில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஒரே நுண்ணுயிர், பாலம் கடந்தால் வேறு நோக்கம், வேறு முறை. ஒரு நாட்டில் கொசுவைக் குறைப்பது வினா. மறு நாட்டில் கொசுவை மாற்றுவது வினா. இதனை வகுப்பில் விளக்கினால், ஒரு மணி நேரத்தில் எத்தனை சிந்தனைகள் பிறக்கும்!

இந்த வழிக்கு இன்னும் உறுதியான சான்று சாவகத்தின் யோக்யகர்த்தா நகரில் கிடைத்தது. நகரை 24 பகுதிகளாக்கிச் சீட்டுக் குலுக்கி 12 பகுதிகளில் மட்டும் அக்கொசுக்களை விட்டனர். விட்ட பகுதிகளில் டிங்கி 77 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2021இல் முடிவு வெளியாயிற்று. பாதிக்குப் பாதி என்று பிரித்து ஒப்பிடும் இம்முறை எங்கே கண்டது? 1905இல் கோலாலம்பூரில் ஒற்றை, இரட்டை என்று எண்ணிப் பிரித்த அதே முறை அன்றோ? கருவிகள் மாறின, காலம் மாறியது, உண்மையைக் கேட்கும் முறை மாறவில்லை.

இம்முறையை அறியாதவன் கதி என்ன? கைப்பேசியில் ஒரு செய்தி வருகின்றது: 'இந்த இலைச்சாற்றைப் பருகினேன், இரத்தத் தட்டணுக்கள் ஏறின, டிங்கி தீர்ந்தது, எல்லார்க்கும் அனுப்புக.' டிங்கியில் தட்டணுக்கள் சில நாள் இறங்கிப் பின்னர்ப் பெரும்பாலோருக்குத் தாமே ஏறும். சாறு குடித்தவனுக்கும் ஏறும், குடிக்காதவனுக்கும் ஏறும். ஆகவே, 'குடிக்காதவர் என்ன ஆனார்?' என்னும் ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவன் ஏமாறான். அது தெரியாதவன் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரத்தில் இலை தேடித் தோட்டத்தில் நிற்பான். இலைச்சாறு பயனற்றதே என்று முன்கூட்டித் தீர்ப்பளிப்பதும் அறிவன்று. பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும் என்பதே அறிவு.

தமிழாசிரியர் கடமை

'இவை அறிவியல் ஆசிரியரின் வேலை. தமிழாசிரியர்க்கு இலக்கணமும் இலக்கியமும் போதாவோ?' என்று கேட்கலாம். அறிவியல் ஆசிரியர் பாடத்தைக் கற்பிப்பார். ஆனால், ஒரு செய்தியைக் கேட்டதும் அதனை எடைபோடும் பழக்கம் மொழியில் பிறப்பது. 'ஏறியது' என்பதற்கும் 'அதனால் ஏறியது' என்பதற்கும் உள்ள வேறுபாடு சொற்பொருள் வேறுபாடு. 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருக்கிறது' என்பதற்கும் உள்ள இடைவெளி வினைமுற்றின் இடைவெளி. இவற்றைக் கற்பிக்கத் தமிழாசிரியரை விடத் தக்கவர் யார்? வள்ளுவர் அறிவுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அதனை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் வழங்குவதோடு கடமை முடிந்துவிடாது.

'தமிழில் சொற்கள் இல்லை' என்பது மற்றொரு சாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். அயல்நாட்டார் ஒருவர் உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழில் விளக்க முடிந்தபோது, தமிழையே உண்டு வளர்ந்தோர் 'சொல் இல்லை' என்பது மொழியின் ஏழ்மையன்று, முயற்சியின் ஏழ்மை. மேற்கண்ட செய்திகளுள் எதனைச் சொல்லவும் தமிழ் தடுமாறவில்லை. தடுமாறுவது, சொல்வதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய நெஞ்சமே.

செய்ய வேண்டுவது பெரிதன்று. பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைக்கும் ஒரு கண்டுபிடிப்பைத் தலைப்பாகக் கொடுக்கும் ஆசிரியர், நான்கு வினாக்களையும் உடன் கொடுக்கட்டும். இதற்கு முன் மக்கள் என்ன எண்ணியிருந்தனர்? யார், எந்த வினாவைக் கேட்டனர்? விடை சரியென்று எவ்வாறு சோதித்தனர்? இன்னும் அறியப்படாதது எது? இந்நான்குக்கும் விடை சொல்லாத பேச்சுக்கு, குரல் எவ்வளவு கணீரென்று ஒலித்தாலும், பரிசு இல்லை என்று நடுவர் துணிந்து தீர்ப்பளிக்கட்டும். ஓராண்டில் மேடையின் இயல்பே மாறும்.

மொழி வாழ்வது பிறர் கண்டதை வியந்து சொல்வதால் மட்டும் அன்று. அம்மொழியில் ஒரு சிறுவன் எழுந்து, 'ஐயா, இது மெய்யென்று எப்படி அறிந்தார்கள்?' என்று கேட்கும்போதும், ஆசிரியர் அவனுக்கு அதே மொழியில் விடை கூறும்போதும் மொழி வாழ்கின்றது. கைதட்டல் ஒரு நொடியில் அடங்கிவிடும். கேட்கக் கற்றவன் நாளைய நோயையும் நாளைய பொய்யையும் எதிர்கொள்வான். தமிழ் மேடைகள் எதனை வளர்க்கப் போகின்றன என்பதைத் தமிழாசிரியரே முடிவு செய்தல் வேண்டும்.